இழுத்துப் பார்த்த பூட்டு

எங்கள் முதலாளி படுக்கப் போகும் முன் சாமி கும்பிட மறந்தாலும் மறப்பார், பூட்டுகளை இழுத்துப் பார்க்க மறக்கமாட்டார். புகையிலைக் கிட்டங்கி, கடைக் கதவு, மாட்டுக் கொட்டகை, அடுக்களையில் பலசரக்கு வைக்கிற பெட்டி என்று எல்லாவற்றிலும் ஒரு பூட்டு தொங்கும். ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்து, பக்கவாட்டில் ஒரு திருகு திருகி, மறுபடியும் இழுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். இதில் அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. திண்டுக்கல்லில் பூட்டை இழுத்துப் பார்க்காதவன் பூட்டினவனே இல்லை. பூட்டுச் செய்கிறவருக்கு எதிரில் மட்டும் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். அவர் முகத்துக்கு நேரே அவர் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் அவர் கன்னத்தில் அறைவதும் ஒன்று. அவர் பூட்டிக் காட்டுவார், வாங்குகிறவர் தலையாட்டுவார். தெருமுனை திரும்பியதும் நின்று இழுத்துப் பார்ப்பார். நானும் அப்படித்தான்.

அந்த முதலாளியிடம் நான் கார் ஓட்டினேன். ஐம்பதுகளின் கடைசி அது. யுத்தத்துக்கு முன்னால் சீமையில் செய்த கார். கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. கறுப்பு நிறம். பானெட்டை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரித் தூக்க வேண்டும். செல்ஃப் பொத்தானை அமுக்கினால் கிழவர் மாதிரி ஒரு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். நான் அந்த வண்டியை எப்படி வைத்திருந்தேன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் வேட்டியைக்கூட அப்படித் துவைத்ததில்லை.

மாசி மாதம். புகையிலை அறுப்பு நேரம். வேடசந்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பண்ணையின் சரக்கை மொத்தமாகப் பேசி முடிக்க முதலாளி கிளம்பியிருந்தார். விடிந்தும் விடியாமலும் நான் போய் செல்ஃப் பொத்தானை அமுக்கினேன். இருமல் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பாகக் கண்ணைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. பேட்டரி செத்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் வந்து சேர்ந்து, தெருவை முழுதாகத் தள்ளி, வண்டி பிடித்து, நாங்கள் அந்தப் பண்ணைக்குப் போனபோது வெற்றிலை பாக்கு மாற்றி முடித்துவிட்டு இன்னொரு வியாபாரி மோர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, வாங்க வாங்க என்று வாய் நிறையக் கூப்பிட்டார் பாவி.

திரும்பி வரும் வழியில் தாடிக்கொம்புக் கோபுரம் தெரிகிற இடம் வந்ததும் முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட கை இறங்குவதற்குள் கேட்டார்.

"ஏலே, உன் மச்சினன் மைக்செட் வெச்சிருக்கான்ல?"

"ஆமாங்க முதலாளி."

"நேத்து ஒங்க தெரு அம்மன் கோயில்ல விடிய விடியப் பாடுச்சே. அதுக்கு எங்கிட்டிருந்து கரண்டு வந்துச்சு?"

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் மைக்செட் என்றால் கார் பேட்டரியில்தான் பாடும். எல்லாத் தெருவுக்கும் மின்சாரம் வந்திருக்கவில்லை. வந்த இடத்திலும் அதை நம்பி யாரும் மைக் கட்டமாட்டார்கள். திருவிழாக் காலத்தில் மைக்செட்காரர்கள் பேட்டரிக்கு நாயாக அலைவார்கள். சில டிரைவர்கள் முதலாளி தூங்கினதும் பேட்டரியைக் கழற்றி வாடகைக்கு விட்டுவிட்டு, விடியும் முன் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடுவதும் உண்டு. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் நான் செய்ததில்லை.

"அவருக்குச் சொந்தமா பேட்டரி இருக்குதுங்க முதலாளி."

"விடிய விடியப் பாடுறதுக்கு அது ஒண்ணு போதுமாலே?"

உண்மையில் போதாது. என் மனைவியின் அண்ணன் அவர். அன்றைக்கு இன்னொரு பேட்டரியை எங்கே பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை முதலாளி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கண்ணாடியில் தெரிந்த அவர் கண் ஊர் வரும்வரை என் பிடரியை விட்டு நகரவில்லை.

மறுநாள் பேட்டரியைப் பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோய்க் கரண்டு ஏற்றி, மாட்டினேன். வண்டி பழையபடி இருமிவிட்டு ஓடியது. அதோடு விட்டிருக்கலாம் மனிதர். விடவில்லை. ஊரில் பேர்போன ஒரு பூட்டுக்காரரைக் கூட்டிவந்து காரின் பானெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பேட்டரிய எவனும் கழட்டப்படாது. அம்புட்டுத்தான்."

பூட்டுக்காரர் சிரித்தார். மாட்டுக் கொட்டகைக்கும் பெட்டிக்கும் பூட்டுச் செய்தவருக்கு மின்சாரத்துக்குப் பூட்டுச் செய்வது வேடிக்கையாக இருந்திருக்கும். அளவெடுத்துப் போய், பேட்டரியின் மேல் குறுக்காக ஒரு இரும்புப் பட்டை, அது டேஷ் பலகையின் என்ஜின் பக்கத்து முதுகோடு சேருகிற முனையில் ஒரு கொண்டி, அந்தக் கொண்டியில் தொங்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாங்காய்ப் பூட்டு என்று எல்லாம் செய்து கொண்டுவந்தார். பட்டைக்கு அடியில் ரப்பர்த் துண்டுகூட வைத்திருந்தார். அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பூட்டிக் காட்டினார். டொக் என்று சத்தம். முதலாளி மரியாதையாகத் தலையை ஆட்டினார். கை மட்டும் துறுதுறுவென்று இருந்ததை நான் பார்த்தேன்.

பூட்டு இரவில் மட்டும்தான். பகலில் கழற்றி முதலாளியின் மேசைக்குள் போய்விடும். ஏன் என்று கேட்டதற்கு, "பூட்டத் திருடிட்டுப் போயிட்டான்னா?" என்றார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் நான் வண்டியைக் கொட்டகையில் விட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, தெருவுக்கு வந்துவிட வேண்டும். பூட்டுச் சாவி அவர் இடுப்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியக் கூடாது. நான் படி இறங்கிய பிறகுதான் பானெட்டைத் தூக்குவார். நான் தெருவில் நடந்துகொண்டிருப்பேன். காது மட்டும் பின்னாலேயே இருக்கும். டொக். அப்புறம் இழுக்கிற சத்தம், திருகுகிற சத்தம், மறுபடி இழுக்கிற சத்தம். என்னையே பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும்.

பூட்டுப் போட்ட மறுநாள் காலையில் பேட்டரி மறுபடியும் செத்துக் கிடந்தது.

முதலாளி பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு என்ன நினைத்தாரோ, என்ஜின் மேல் அங்கே இங்கே கையை வைத்துப் பார்த்தார். என்ஜின் ஓடும்போது கரண்டு செய்கிற டைனமோ மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"இங்க வாலே. தொட்டுப் பாரு."

தொட்டேன். அடக் கடவுளே, இளஞ்சூடாக இருந்தது. இரவெல்லாம் பூட்டிக் கிடந்த வண்டியில், பனி இறங்கின காலையில், டைனமோ மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

"ராத்திரி வண்டி ஓடியிருக்கு," என்றார்.

"முதலாளி, ரேடியேட்டரத் தொட்டுப் பாருங்க. ஐஸா இருக்கு. ஓடின வண்டின்னா அதுல்ல மொதல்ல சுடும்."

"பச்சத் தண்ணிய ஊத்திருப்ப."

இதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லுங்கள். சந்தேகம் வந்துவிட்ட மனுஷனிடம் சூடும் சாட்சி, குளிரும் சாட்சி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த டைனமோச் சூடு எனக்கே பயமாகத்தான் இருந்தது. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். காவலுக்குப் படுக்கிறவரைச் சந்தேகப்பட்டேன். கணக்கப்பிள்ளையைச் சந்தேகப்பட்டேன். பேட்டரிக் கடைக்காரர் பாதி ஏற்றித் தருகிறாரோ என்று அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பேட்டரியை வாங்கி, ஒரு இரவு முழுக்கத் தன் கடையிலேயே வைத்துவிட்டு, காலையில் என் கண் முன்னால் விளக்கை எரித்துக் காட்டினார்.

"பழசுதான். ஆனா தப்பு இதுமேல இல்ல. நீ வேற எங்கயாச்சும் தேடு," என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழகிக்கொண்டு வந்தது.

தேடினேன். பகலில் ஒரு சின்ன பல்பை இரண்டு வயரில் கட்டி வைத்துக்கொண்டு, பேட்டரி முனையைக் கழற்றி, நடுவில் பல்பைக் கொடுத்துப் பார்த்தேன். எங்காவது கரண்டு ஒழுகினால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. ஹாரன் வயர், விளக்கு வயர், செல்ஃபுக்குப் போகிற தடித்த கேபிள் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தேன். துணி சுற்றின அந்தக் காலத்து வயர்கள், அங்கங்கே நைந்திருந்தன. நைந்த இடமெல்லாம் டேப் சுற்றினேன். பகல் முழுக்க வண்டி பசு மாதிரி நின்றது. விடிந்தால் பேட்டரி செத்திருக்கும், டைனமோ வெதுவெதுவென்று இருக்கும். தினமும் இல்லை. சில நாள் நன்றாக இருக்கும். அதுதான் இன்னும் மோசம். நன்றாக இருந்த நாட்களில் எங்கே திருவிழா இருந்தது, எங்கே இல்லை என்று முதலாளி விசாரிக்க ஆரம்பித்தார்.

அடுத்ததாகக் கள்ளச் சாவி என்ற பேச்சு வந்தது. பூட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மனிதருக்கு மீசை துடித்தது.

"எம் பூட்டுக்கா? கள்ளச் சாவியா? பண்ணிக் காட்டச் சொல்லுங்க, நான் இந்தத் தொழில விட்டுட்டு எரும மேய்க்கப் போறேன்."

ஆனால் போகும்போது வாசலில் என்னை நிறுத்தி, என் கையைப் பிடித்துத் திருப்பி விரல்களைப் பார்த்தார். அரம் பிடித்த விரலா என்று பார்க்கிறார்! "எப்பிடி அப்பு தெறக்குற?" என்று மெதுவாகக் கேட்டார். அதில் கோபத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. நான் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன்.

கார் நிறுத்துகிற இடத்தில் மற்ற டிரைவர்கள் விடவில்லை. "என்னப்பா, எங்க வீட்டுல காதுகுத்து வருது, பேட்டரி கெடைக்குமா?" என்பான் ஒருவன். "அது கோயில் பேட்டரியில்ல, அம்மனுக்கு மட்டும்தான் பாடும்," என்பான் இன்னொருவன். சிரிக்காமல் இருந்தால் குற்றவாளி, சிரித்தாலும் குற்றவாளி. டிரைவர் தொழிலில் கையில் இருக்கிறது ஒன்றே ஒன்றுதான். இவனிடம் வண்டியைக் கொடுக்கலாம் என்கிற பேர். அது போனால் திண்டுக்கல்லில் ஒருவன் மாட்டுவண்டிகூட ஓட்டத் தரமாட்டான். அந்தப் பேர்தான் என் கண் முன்னால் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கே ஒழுகுகிறது என்றும் தெரியவில்லை.

வீட்டிலாவது நிம்மதி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. என் மனைவி சின்னாளப்பட்டிக்காரி. தறிக்குழிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். நூலில் ஒரு இழை அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். தெருக்குழாயடியில் பெண்கள் பேசினது அவள் காதுக்கு வந்துவிட்டது. சோற்றைப் போட்டு, வெஞ்சனத்தை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நெசமாச் சொல்லுங்க. எங்கண்ணனுக்குக் குடுத்தீகளா?"

"நீயுமாடி?"

"குடுத்திருந்தா சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். ஒரு நா கூத்துக்கு அண்ணன் கேட்டிருப்பாக, இல்லேன்னு சொல்ல முடிஞ்சிருக்காது..."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். முதலாளி கேட்டது தோலில் பட்டது. இவள் கேட்டது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதுவும் எவ்வளவு பதமாகக் கேட்டாள் பாருங்கள். மன்னிப்பையும் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொள்வதைப் போல எரிச்சல் உலகத்தில் வேறு கிடையாது.

ஆனால் அவள் கேட்டதில் என் புத்தி அவள் அண்ணன் பக்கம் திரும்பியது. முதலாளியின் பேட்டரித் தலையில் தார் பூசின இடத்தில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்தேன். சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மச்சான் மைக் கட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அழைப்பில்லாமலே போனேன். ஸ்பீக்கர் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. மச்சான் யாருக்கோ சந்தனம் கொடுக்க அந்தப் பக்கம் நகர்ந்ததும், மேசைத் துணியைத் தூக்கி, குனிந்து, அவருடைய பேட்டரித் தலையைத் துடைத்துப் பார்த்தேன். குறி இல்லை. நிமிர்ந்தால் மச்சான் நிற்கிறார்.

"என்ன மாப்ள, கீழ எதையாச்சும் தொலச்சிட்டீகளா?"

"இல்ல மச்சான், வயரு..."

"எங்கம்மா சத்தியமா ஒங்க முதலாளி பேட்டரிய நான் தொட்டதில்ல," என்றார். முகம் சுருங்கிப்போயிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்த கல்யாண வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே ஏன் சத்தியம் பண்ணினார் என்று அதையும் யோசித்தேன். சந்தேகம் அப்படித்தான், ஒட்டிக்கொண்டால் சொறியச் சொறிய ஊரும்.

பங்குனி பிறந்ததும் முதலாளி முடிவு கட்டிவிட்டார். சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் விட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"நாளையிலருந்து வரவேணாம். வேற ஆளு சொல்லிட்டேன். உன்னோட சாமான வண்டியில இருந்து எடுத்துக்க."

மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது. கத்தியிருப்பேன், கத்தினால் அழுகை வந்துவிடும் போல இருந்தது. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். என் சாமான் என்று என்ன இருக்கிறது? ஒரு சீப்பு, துடைக்கிற துணி, டேஷ் பலகையில் ஒட்டியிருந்த பழனியாண்டவர் படம். படத்தைக் கிழியாமல் நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. நான் கீழே இறங்கும்வரைகூடக் காத்திராமல் பானெட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பூட்டைப் போட்டார். இனி இவன் பார்த்தால் என்ன என்று நினைத்திருப்பார்.

டொக்.

பழனியாண்டவர் படத்துக்குப் பக்கத்தில்தான் ஆம்பியர் மீட்டர். கரண்டு பேட்டரிக்குள் போகிறதா வெளியே போகிறதா என்று காட்டுகிற சின்ன வட்டம். அதன் முள் நடுவில், அசையாமல் நின்றது. முதலாளி வழக்கம் போலப் பூட்டைப் பிடித்து இழுத்தார். முள் துள்ளியது. பக்கவாட்டில் திருகினார். முள் இடது பக்கம், வெளியே போகிறது என்று காட்டுகிற பக்கம், சாய்ந்தது. மறுபடி இழுத்துவிட்டுக் கையை எடுத்தார். முள் சாய்ந்தது சாய்ந்தபடியே கிடந்தது.

விளக்கு எரியவில்லை. என்ஜின் ஓடவில்லை. சாவி அவர் மடியில். ஆனால் பேட்டரியிலிருந்து கரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

"முதலாளி!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு எழுந்தது. "தெறங்க! பூட்டத் தெறங்க!"

"என்னலே கூப்பாடு?"

"தெறங்க முதலாளி, ஒங்க காலப் பிடிக்கிறேன்."

முறைத்துக்கொண்டே திறந்தார். முள் நடுவுக்கு வந்து நின்றது.

"இப்பப் பூட்டுங்க. இழுக்காதீக."

பூட்டினார். முள் அசையவில்லை.

"இப்ப எப்பவும் இழுப்பீகள்ல, அப்படியே இழுங்க."

இழுத்துத் திருகினார். முள் சாய்ந்தது. நான் குதித்து இறங்கி, அவரைக் கையைப் பிடித்து இழுத்து, முதலாளி என்றும் பார்க்காமல், என் இடத்தில் உட்கார வைத்தேன். பானெட் பக்கம் ஓடி நானே பூட்டை இழுத்துத் திருகினேன். விட்டேன். மறுபடி திருகினேன். உள்ளே இருந்து, "அட... அட..." என்று சத்தம் வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் ஈரக் கையோடு வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான். என்ஜின் ஓடும்போது டைனமோ கரண்டு செய்து பேட்டரிக்கு அனுப்பும். என்ஜின் நின்றால் அந்த வழியை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரியில் இருக்கிற கரண்டு அதே வழியாகத் திரும்பி டைனமோவுக்குள் போய் வீணாகச் சூடேற்றிக்கொண்டிருக்கும். அடைக்கிற வேலையைச் செய்வது கட்டவுட் என்கிற சின்னப் பெட்டி. உள்ளே ஒரு இரும்பு நாக்கு, தொட்டால் வழி திறக்கும், விலகினால் அடைக்கும். எங்கள் வண்டியில் அந்தப் பெட்டிக்குப் பழைய மூடி எப்போதோ உடைந்துபோய், துரையின் டிரைவர் சுருட்டுப் பெட்டி அட்டையை மடித்து மூடியாகக் கட்டியிருந்தார். அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே டேஷ் பலகையின் அந்த முதுகில் இருந்தது. பூட்டுச் சும்மா தொங்கினால் எதையும் தொடாது. முதலாளி இழுத்துத் திருகும்போது பூட்டு பக்கவாட்டில் போய் அந்த அட்டை மூடிமேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அட்டை அமுங்கி, நாக்கும் அமுங்கிவிடும். கரண்டு இரவெல்லாம் டைனமோவுக்குள் ஓடும். சில நாள் சாயும், சில நாள் சாயாது. செய்தவர் பூட்டிக் காட்டியபோது அவர் மரியாதைக்காக யாரும் இழுக்கவில்லை. நான் சோதித்த பகலெல்லாம் பூட்டு மேசைக்குள் இருந்தது.

நான் இதையெல்லாம் மூச்சு வாங்கச் சொல்லிமுடித்தேன். முதலாளி காரை விட்டு இறங்கினார். டைனமோவைத் தொட்டுப் பார்த்தார். பூட்டைக் கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு மூட்டை தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பி, "பய எடுக்கலப்பா," என்றார்.

மன்னிப்பு என்று அவர் வாழ்க்கையில் கேட்டதில் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன். எனக்குப் போதும் போல இருந்தது. அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னார் அல்லவா? கார் நிறுத்துகிற இடத்துக்குச் சேதி விடிவதற்குள் போய்விடும். அன்றைக்கே ஒரு தேங்காய்ச் சிரட்டையை அளவாக அராவித் தேய்த்து, கட்டவுட்டுக்கு மூடியாகக் கவிழ்த்து, திருகாணி போட்டு இறுக்கினேன். யானை சாய்ந்தாலும் அமுங்காது. முதலாளி பூட்டி, இழுத்துத் திருக, நான் உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்த்தேன். ஒரு நூல் அசையவில்லை. பூட்டு வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பூட்டு கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். கிடக்கட்டும், எனக்கென்ன? பழனியாண்டவரைப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டு வீட்டுக்குப் பறந்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தம்ளரைப் பூட்டாகவும் செம்பைக் கட்டவுட்டாகவும் வைத்துச் செய்து காட்டினேன். முதலாளி "அட... அட..." என்றதை அவர் குரலிலேயே சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்குத் தெரியும், எங்க வீட்டுக்காரரு அப்பிடிச் செய்ய மாட்டாகன்னு," என்றாள். முன்பு கேட்டதை நினைவுபடுத்தலாமா என்று நினைத்தேன். நல்ல நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன். அப்பளம் பொரித்தாள். இரண்டாம் தடவை ரசம் ஊற்றும்போது கரண்டி நடுவில் நின்றது.

"ஏங்க."

"என்ன?"

"பூட்டு போட்டதுக்கப்புறம்தான பூட்டு சாஞ்சுச்சு?"

"ஆமா."

"அப்ப அந்த மொத நா? வேடசந்தூரு போனீகளே, அன்னைக்கு? அன்னைக்குப் பூட்டே இல்லையே."

கையில் உருட்டின சோறு கையிலேயே இருந்தது. நான் அதை யோசித்திருக்கவே இல்லை. முதலாளியும் யோசிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இழை அறுந்த சத்தம் இவளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

"பழைய பேட்டரி," என்றேன். "பனி வேற. செத்திருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். செத்த நேரம்தான் பார்த்தாள். கரண்டி சாய்ந்து ரசம் தட்டில் விழுந்தது.

"சரி," என்றாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவள் அண்ணன் மைக்செட்டை விற்று, முதலாளி போய், கார் இரும்புக்குப் போய், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வேடசந்தூர் போன அந்த முதல் தடவை பேட்டரி ஏன் செத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் அம்மா மேல் சத்தியமாக நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் சொன்ன அந்தச் 'சரி'யைத்தான் இந்த வயதிலும் நான் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா, ஒன்றும் பிடிபடவில்லை.